கையெழுத்தோடு நின்றுபோனதா? அறிவொளி பற்றி ஒரு விவாதம்

ஒரு வாசகரின் கேள்வி, 2025 ஜூன் 7

பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்த அறிவொளி இயக்கம் என்றாலே எல்லாரும் பெண்கள் சைக்கிள் ஓட்டிய கதையைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். என் அப்பாயி 1992இல் அறிவொளியில் படித்தவர். இன்றைக்குப் பெயரை எழுதுவார், அவ்வளவுதான். போனில் மெசேஜ் வந்தால் என்னைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்வார். அதே வருடங்களில்தான் நாடு தாராளமயத்துக்குப் போனது. ஏற்கெனவே படித்திருந்தவர்கள் மேலே போனார்கள். அப்பாயி கடலைக்காட்டில் கூலி வேலையிலேயே இருந்தார். அப்படியானால் அறிவொளி யாருக்கு எதைக் கொடுத்தது? என்னைக் கேட்டால் அது தோற்றுப்போன திட்டம்.

ஜூன் 7, இரவு

தம்பி, படித்ததும் கோபம்தான் வந்தது. 1991 கடைசியிலிருந்து 1993 வரை புதுக்கோட்டை மாவட்டம் அன்னவாசல் ஒன்றியத்தில் நான் அறிவொளித் தொண்டராக இருந்தேன். என் வகுப்பில் 14 பெண்கள். அந்த 14 முகமும் இன்னும் கண்ணில் நிற்கின்றன. அவர்களைப் பார்த்துத் தோற்றுப்போனது என்று சொல்ல எனக்கு வாய் வராது. நாளைக்கு நிதானமாக எழுதுகிறேன்.

ஜூன் 8

முதலில் பின்னணி. தேசிய எழுத்தறிவு இயக்கம் 1988 மே 5இல் தொடங்கியது. குறி வைத்தது 15 முதல் 35 வயதுக்காரர்களை. 1990 பிப்ரவரியில் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமானது. 1991 ஏப்ரல் 18இல் கேரளம் முழுவதையும் அப்படி அறிவித்தார்கள். அந்த அலையில்தான் 1991இல் புதுக்கோட்டைக்கும் அறிவொளி வந்தது. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலம். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்காரர்கள் ஊர் ஊராக வீதி நாடகம் போட்டார்கள். எனக்கு அப்போது 19 வயது. பிளஸ் டூ முடித்துவிட்டு, காலேஜுக்கு அனுப்ப வசதியில்லாமல் வீட்டில் இருந்தேன். எங்கள் ஊர் முச்சந்தியில் நாடகம் பார்த்த அன்றைக்கே பெயர் கொடுத்துவிட்டேன்.

வகுப்பு எங்கே வைப்பது என்பதுதான் முதல் சண்டை. கோயில் மண்டபத்தில் வைத்தால் காலனிப் பெண்கள் வர முடியாது. காலனியில் வைத்தால் ஊர்ப் பெண்கள் வர மாட்டார்கள். கடைசியில் பள்ளிக்கூடத் தாழ்வாரம் என்று முடிவானது. முதல் வாரம் 22 பேர் வந்தார்கள். ஒரே பாயில் எல்லாரும் உட்காருவது என்றதும் 8 பேர் நின்றுவிட்டார்கள். மீதிதான் அந்த 14. "யாருக்கு எதைக் கொடுத்தது" என்று கேட்டீர்களே, எங்கள் ஊரில் ஊர்க்காரியும் காலனிக்காரியும் ஒரே விளக்கடியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. இதை எந்தக் கணக்கில் எழுதுவது?

பகலெல்லாம் நாற்று நட்டு, கல் உடைத்து, களை எடுத்துவிட்டு இரவு ஏழரைக்கு வருவார்கள். அரிக்கேன் விளக்கு. சிலேட்டில் பலப்பத்தை எழுத்தாணி மாதிரி அழுத்துவார்கள். பாதிப் பலப்பம் ஒடிந்துபோகும். கல்குவாரிக்குப் போகும் ஒரு அக்கா இருந்தார். அவருக்கு 31 வயது. விரலெல்லாம் காய்த்துப்போய்ப் பலப்பம் பிடியில் நிற்காது. பலப்பத்தின் மேல் துணியைச் சுற்றிக் கனமாக்கிக் கொடுத்தேன். அன்றைக்கு "கல்" என்று எழுதினார். அ, ஆ எதுவும் தெரியாது, நேராகக் "கல்". எங்கள் பாடப்புத்தகமே அப்படித்தான், எழுத்திலிருந்து தொடங்காது, அன்றாடம் வாயில் வரும் சொல்லிலிருந்து தொடங்கும்.

ஜூன் 8, மாலை

காலையில் எழுதியதில் ஒரு திருத்தம். 8 பேரும் பாய் விஷயத்தால் நின்றார்கள் என்று எழுதிவிட்டேன். அப்படியில்லை. அதில் இரண்டு பேரைப் புருஷன்மார் அடித்து நிறுத்தினார்கள். ஒருத்தி பிரசவத்துக்குப் போனாள். மற்ற ஐந்து பேர்தான் பாய்க்காக நின்றவர்கள். ஞாபகத்தில் எல்லாம் ஒரே கதையாக உருண்டுவிடுகிறது.

ஜூன் 11

இன்னொரு வாசகர், "1991இல் தமிழ்நாட்டின் எழுத்தறிவு என்ன, இப்போது என்ன, அதைச் சொல்லுங்கள், விவாதம் முடிந்தது" என்கிறார். சொல்கிறேன், ஆனால் விவாதம் முடியாது.

1991 மக்கள்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 62.66 சதவீதம். பெண்களில் பாதிப்பேர்தான், 51.33. 2011இல் மொத்தம் சுமார் 80, பெண்கள் சுமார் 73. ஆணுக்கும் பெண்ணுக்குமான இடைவெளி 22 புள்ளியிலிருந்து 13க்கு இறங்கியிருக்கிறது. நல்ல செய்திதான். ஆனால் இதில் பெரும்பங்கு பள்ளிக்கூடம் போன பிள்ளைகளால் வந்தது. 1991இல் ஐந்து வயதாக இருந்த பெண் 2011இல் 25 வயதுக்காரியாகக் கணக்கில் நிற்கிறாள். முதியோர் கல்வி மட்டும் எத்தனை பேரைப் படிக்க வைத்தது என்பதை இந்த எண்ணிலிருந்து பிரித்தெடுக்க முடியாது. அதோடு, கணக்கெடுக்க வருகிறவர் யாரையும் படிக்கச் சொல்லிப் பார்ப்பதில்லை. வீட்டில் பதில் சொல்கிறவர் "தெரியும்" என்றால் தெரியும். விதிப்படி, பொருள் புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிந்தால்தான் எழுத்தறிவு. கையெழுத்து மட்டும் போதாது.

அதனால் தம்பி, எண்ணை வைத்து நீங்களும் ஜெயிக்க முடியாது, நானும் ஜெயிக்க முடியாது.

ஜூன் 14

இந்தக் குறிப்பை எழுத மூன்று நாள் தள்ளிப்போட்டேன்.

தாராளமயம் என்றீர்கள். 1991 ஜூலை 1, 3 தேதிகளில் ரூபாயின் மதிப்பை இரண்டு முறை குறைத்தார்கள். ஜூலை 24இல் மன்மோகன் சிங்கின் பட்ஜெட். எங்கள் பக்கத்துக்கு அது திருப்பூர் வழியாக வந்தது. ரூபாய் மலிந்ததும் ஏற்றுமதி பெருகியது, பனியன் கம்பெனிகள் ஆள் தேடி வேன் அனுப்பின. எட்டாவது, பத்தாவது படித்த பிள்ளைகள் செக்கிங்குக்குப் போய், பிறகு சூப்பர்வைசர் ஆனார்கள். என்னிடம் படித்த இரண்டு பெண்களும் போனார்கள். பெயர் எழுதத் தெரியும், கணக்குக் கூட்டத் தெரியும், ஆனால் கையில் ஒரு சர்டிபிகேட் கிடையாது. தையல்காரருக்குக் கூடமாட உதவும் கைமடி வேலைக்குச் சேர்ந்து கைமடியிலேயே இருந்தார்கள். அறிவொளியில் மூன்று புத்தகம் முடித்ததற்குத் தேர்வு வைத்தோம். அந்தத் தேர்ச்சியை எந்தக் கம்பெனியும் ஒரு வகுப்பாக மதிக்கவில்லை.

இதில் யாருக்கு ஏற்றம் கிடைத்தது தெரியுமா? எனக்கு. ஒன்றியக் கூட்டத்தில் மைக் பிடித்துப் பேசப் பழகினேன். அதிகாரிகளிடம் மனு எழுதப் பழகினேன். சைக்கிளில் தனியாகப் பத்து கிலோமீட்டர் போய்வரப் பழகினேன். பிறகு தபால் வழியில் டிகிரி முடித்து ஒரு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தேன். எனக்குத் தெரிந்த தொண்டர்களில் பாதிப்பேர் இப்படி ஏதோ ஒரு படி ஏறியிருக்கிறார்கள். கற்றுக்கொள்ள வந்தவர்களில் அப்படி ஏறியவர்கள் இருவரோ மூவரோதான். பிளஸ் டூ இருந்த எனக்கு அறிவொளி ஏணியானது. ஒன்றுமே இல்லாதவருக்கு அது முதல் படியைத்தான் வைத்தது, அடுத்த படியை வைக்கவில்லை. இதை நான் முப்பது வருடமாக வெளியே சொன்னதில்லை. உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

ஜூன் 15

அடுத்த படி இருந்த இடங்களும் உண்டு. கியூபாவில் 1961இல் ஒரே வருடத்தில் ஏழு லட்சம் பேருக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். லட்சம் மாணவர்கள் கிராமங்களுக்குப் போனார்கள். எல்லாரும் இதோடு கதையை நிறுத்துகிறார்கள். அதற்கப்புறம் அதே பெரியவர்களை ஆறாம் வகுப்பு வரை கொண்டுபோக இன்னொரு இயக்கம் நடத்தியதுதான் முக்கியம். கேரளத்தில் இன்றைக்கும் எழுத்தறிவு இயக்கம் நான்கு, ஏழு, பத்து, பிளஸ் டூ என்று பெரியவர்களுக்குச் சமநிலைத் தேர்வு வைக்கிறது. 2018இல் 96 வயது கார்த்தியாயினி அம்மா எழுத்தறிவுத் தேர்வில் நூற்றுக்கு 98 எடுத்தாரே, அந்தப் பாட்டி பத்தாவதும் எழுதவேண்டும் என்று சொன்னவர். ஏறுவதற்குப் படி இருந்ததால்தான் அந்த ஆசை வந்தது.

நம்மிடம் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு உண்டு. என் வகுப்புப் பெண்களிடம் அதைப் பற்றி யாருமே சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது. அவர்களால் முடியாது என்று நானே முடிவு செய்துவிட்டேன்.

ஜூன் 15, இரவு

எட்டாவது தேர்வுப் பேச்சு வந்ததால் இது. சரக்கு வண்டி, பயணிகள் வண்டி ஓட்ட லைசென்ஸ் வாங்க எட்டாவது தேறியிருக்கவேண்டும் என்று ஒரு விதி இருந்தது. 2019இல்தான் எடுத்தார்கள். எட்டாவது இல்லாமல் எத்தனை பேர் கிளீனராகவே காலத்தை ஓட்டினார்கள்!

ஜூன் 19

அரசியல் மாற்றம் பற்றி யாரும் பேசவில்லை, பொருளாதாரத்திலேயே நிற்கிறோம் என்று ஒருவர் சுட்டிக்காட்டினார். உண்மை.

நெல்லூர் கதை உங்களுக்குத் தெரியுமா? அங்கேயும் இதே மாதிரி இயக்கம். பாடப்புத்தகத்தில் சாராயத்தால் சீரழிந்த ஒரு குடும்பத்தின் கதை பாடமாக இருந்தது. துபகுண்டா என்ற ஊர்ப் பெண்கள் அதைப் படித்துவிட்டு, இது நம் வீட்டுக் கதைதானே என்று சாராயக் கடையை மூடவைத்தார்கள். அது மாவட்டம் தாண்டி மாநிலமெங்கும் பரவியது. 1993 அக்டோபரில் ஆந்திர அரசு சாராயத்தைத் தடை செய்தது, 1995இல் முழு மதுவிலக்கு வந்தது. 1997இல் அதைத் தளர்த்திவிட்டார்கள், அது வேறு. ஆனாலும் ஒரு பாடம் ஒரு அரசாங்கத்தை அசைத்தது. எத்தனை எழுத்து தெரிந்திருந்தது என்று அந்தப் பெண்களிடம் கேட்பீர்களா?

எங்கள் ஊரிலும் சின்ன அளவில் நடந்தது. 1996 அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. பலப்பத்தில் துணி சுற்றிக் கொடுத்தேனே, அந்த அக்கா வார்டு உறுப்பினராக நின்று ஜெயித்தார். முதல் கூட்டத்தில் தீர்மான நோட்டை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். "படிச்சுட்டுப் போடுறேன்" என்றார். எழுத்துக் கூட்டிக் கூட்டி ஒரு பக்கம் படிக்க அரை மணி நேரம் ஆனது. அதுவரை கூட்டம் காத்திருந்தது. கிளார்க் முணுமுணுத்தார், தலைவர் வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தார். அக்கா படித்து முடித்துவிட்டு, நடக்காத ஒரு வாய்க்கால் வேலை எழுதியிருப்பதைக் காட்டினார். அடித்துவிட்டு எழுதச் சொன்னார். எழுதினார்கள்.

இதையே ஹரியானாவோடு வைத்துப் பாருங்கள். 2015இல் அங்கே பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்க பொதுப் பிரிவு ஆண் பத்தாவது, பெண்களும் தலித்துகளும் எட்டாவது, வார்டு உறுப்பினராக நிற்கும் தலித் பெண் ஐந்தாவது படித்திருக்கவேண்டும் என்று சட்டம் போட்டார்கள். உச்ச நீதிமன்றமும் அந்த டிசம்பரில் அதைச் சரி என்றது. நம் அக்கா அந்த மாநிலத்தில் பிறந்திருந்தால் நின்றிருக்கவே முடியாது. சின்ன வயதில் பள்ளிக்கூடம் கொடுக்காத அரசு, வளர்ந்தபின் அவரிடம் சர்டிபிகேட் கேட்கிறது. எனக்கு இதை நினைத்தாலே நெஞ்சு எரிகிறது.

ஜூன் 20

"அந்த அக்கா இப்போது எப்படி இருக்கிறார்?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நல்ல கதையாகவே முடித்துவிடலாம் என்று பார்த்தேன். மனசு கேட்கவில்லை.

2000க்கு அப்புறம் எங்கள் பக்கம் கடன் கொடுக்கும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அக்காவின் அண்ணன் மகன் வண்டி வாங்கக் கடன் வாங்கினான். அக்கா ஜாமீன் கையெழுத்துப் போட்டார். அவன் கட்டவில்லை. அக்காவுடைய அரை ஏக்கர் போய்விட்டது.

இதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைத்தால், அவருக்குப் படித்துக் காட்டப்பட்டது என்று எழுதிச் சாட்சி வாங்குவது வழக்கம். வங்கியிலும் அப்படித்தான். கையெழுத்துப் போட்டால் அந்தக் கேள்வியே எழாது. போட்டவர் படித்துப் புரிந்துகொண்டு போட்டார் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ஆக, கைநாட்டுக்கு இருந்த அந்தச் சின்னப் பாதுகாப்பையும் நாங்கள் எடுத்துவிட்டுக் கையெழுத்தைக் கொடுத்தோம். கையெழுத்துத் தெரியும், ஒப்பந்தத்தின் நாலாம் பக்கம் புரியாது என்றால் அது கைநாட்டைவிட ஆபத்து. அக்காவின் நிலம் போனதற்கு நானும் ஒரு காரணம் என்று எனக்குள் ரொம்ப நாளாக இருக்கிறது.

ஜூன் 21

"இனி முதியோர் கல்வியே வேண்டாம் என்கிறீர்களா?" என்று ஒருவர். இல்லவே இல்லை. நேற்று எழுதியதை அப்படிப் படிக்காதீர்கள். பாதியில் விட்டதைத்தான் சொல்கிறேன். 1993க்கு அப்புறம் சீமெண்ணெய் நின்றது, புத்தகம் நின்றது, ஒருங்கிணைப்பாளர்கள் வேறு வேலைக்குப் போனார்கள். படித்ததை மறக்காமல் தொடர்வதற்கு வளர்கல்வி என்று பெயர் வைத்தார்கள். எங்கள் ஊருக்கு வந்தது ஒரு தகரப்பெட்டி, நாற்பது புத்தகம். சாவி யாரிடம் என்பதில் சண்டை வந்து பெட்டி பூட்டியே கிடந்தது. 2009 செப்டம்பர் 8இல் சாக்ஷர் பாரத் என்ற முதியோர் எழுத்தறிவுத் திட்டத்தைத் தொடங்கினார்கள், 2018 மார்ச்சில் மூடினார்கள். இப்போது 2022 முதல் 2027 வரை புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து "அம்மா, பட்டம்".

ஜூன் 29

ஊருக்குப் போய் அக்காவைப் பார்த்துவிட்டு வந்தேன். அவருக்கு இப்போது 65. ஜூன் 20 குறிப்பைத் திருத்தவேண்டும், கிட்டத்தட்ட முழுசாக.

இவ்வளவு நாள் மனதில் வைத்திருந்ததை அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அப்புறம் சொன்னார்: "ஜாமீன்னு போட்டிருந்ததை நான் படிச்சேன் புள்ள. அவன் கட்டலைன்னா என் நிலம் போகும்னு தெரிஞ்சுதான் போட்டேன். எங்க அண்ணன் செத்த வருசம் அது. போடாம எப்படி இருக்கிறது? நீ ஏன் இதை உன் தலையில தூக்கிப் போட்டுக்கிற?"

எனக்குப் பேச்சே வரவில்லை. அவரைப் படிப்புப் பாதியில் நின்று ஏமாந்தவர் என்றே பதினைந்து வருடம் நினைத்திருக்கிறேன். அவர் தெரிந்தே முடிவெடுத்தவர். "அவர்களால் முடியாது" என்று எட்டாவது தேர்வை மறைத்தேனே, அதே புத்திதான் இதிலும் வேலை செய்திருக்கிறது. கையெழுத்தின் ஆபத்து பற்றி எழுதியது பொதுவில் உண்மைதான், அதை அழிக்கவில்லை. ஆனால் அக்காவை அதற்கு உதாரணமாக வைத்தது தப்பு.

ஜூன் 29, இரவு

இன்னொன்று. கிளம்பும்போது, இப்போதும் படிக்கிறீர்களா என்று கேட்டேன். "பத்து இருபது வருசமா எழுத்து மங்கலாத் தெரியுது. மறந்துபோச்சு போல" என்றார்.

மறந்துபோனால் எழுத்து புரியாமல் போகும், மங்கலாகத் தெரியாது! என் படிக்கும் கண்ணாடியைக் கழற்றி அவர் மூக்கில் மாட்டினேன். அடுப்புப் பக்கத்தில் கிடந்த தினத்தந்தி காகிதத்தை எடுத்தார். கூட்டிக் கூட்டி, பிறகு கூட்டாமலே, ஒரு செய்தி முழுவதும் படித்தார். நகைக்கடைத் திருட்டு. "புடிச்சிட்டாங்களா?" என்று அடுத்த பக்கத்தைத் தேடினார், அந்தப் பக்கம் அடுப்புக்குப் போயிருந்தது.

நாற்பது தாண்டினால் கிட்டத்தில் இருக்கும் எழுத்து மங்குவது எல்லாருக்கும் வருவது. 1991இல் முப்பது, முப்பத்தைந்து வயதில் படிக்க வந்தவர்களுக்கு 2000 வாக்கில் எழுத்து மங்க ஆரம்பித்திருக்கும். அலுவலகத்தில் இருந்த நான் கண்ணாடி வாங்கிக்கொண்டேன். அவர்கள், படித்தது மறந்துவிட்டது என்று நினைத்துப் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டார்கள். இத்தனை திட்டத்தில் சிலேட்டுக்குக் கணக்கு உண்டு, விளக்குக்குக் கணக்கு உண்டு, கண்ணாடிக்கு ஒரு வரி பார்த்ததில்லை.

ஜூன் 30

தம்பி, உங்கள் அப்பாயிக்கு என்ன வயது? கண்ணை யாராவது பார்த்தார்களா? போன் எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டிப் பாருங்கள், இல்லையென்றால் யாருடைய படிக்கும் கண்ணாடியையாவது ஐந்து நிமிடம் வாங்கி மாட்டிவிட்டுக் கொடுங்கள். என்ன ஆனது என்று எழுதுங்கள்.

ஜூலை 6

தம்பி எழுதியிருந்தார். அப்பாயி மெசேஜை இரண்டு தடவை படித்தாராம். ரேஷனில் பாமாயில் வாங்கியதாக வந்திருந்ததாம், ஆனால் அந்த மாதம் வாங்கவே இல்லையாம். பேரனைக் கூட்டிக்கொண்டு திங்கட்கிழமை கடைக்குப் போகிறார்.

எங்கள் ஊரில் வகுப்பில் இருந்த 14 பேரில் 9 பேர் இருக்கிறார்கள். சனிக்கிழமை கண் பரிசோதனைக்கு வேன் பேசியாகிவிட்டது. அக்கா ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார், இந்தத் தடவை வகுப்பு ராத்திரி வேண்டாம், காலை பத்து மணிக்கு வெளிச்சத்தில் வைக்கவேண்டும். எட்டாவது தனித்தேர்வு விண்ணப்பம் எப்போது கொடுக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். எழுத இரண்டு பேர் சம்மதித்திருக்கிறார்கள்.